நான் கிள்ளி எறிந்த வோட்டுகள்

எங்கள் மலையின் கடைசி நிரை ஓடைக்குள் இறங்கிப் போகிறது. மேலே நின்று பார்த்தால் தேயிலைச் செடிகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து கிடப்பது போல இருக்கும். அங்கே கால் வைத்தால் கல் உருளும். கல்லைப் பிடித்தால் அட்டை ஏறும். கொழுந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வருவதற்குள் மற்றவர்கள் தராசில் போட்டுவிட்டு நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அடுப்பு மூட்டியிருப்பார்கள். பள்ளத்து நிரை என்று அதற்குப் பெயர். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, உனக்கு இந்த வரிசை, உனக்கு அந்த வரிசை என்று கங்காணி பிரித்து விடுவார். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் சொன்னார்கள். போனோம்.

யாரும் சொல்லாமல், நாங்களே கூடிப் பேசி அதை முடிவு செய்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. அது எப்படிக் கெட்டது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் மட்டும் கெடுக்கவில்லை என்று எழுதினால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் பெரும் பங்கு என்னுடையதுதான்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. உரம் கிடைக்காமல் போன காலத்தில் கொம்பனி இந்த ஒரு மலையை மட்டும் கைவிட்டது. மானாப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உள்ளே பன்றி குட்டி போட்டது. அப்போதுதான் பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்தவர், தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்துக் கொடுப்பது அவருக்கு உத்தியோகம். அவர் தோட்டத்துத் துரையோடு நாலைந்து தடவை பேசி ஓர் ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தார். மலையை முப்பத்திரண்டு பேர் சேர்ந்து எடுத்துத் துப்புரவாக்கிக் கொழுந்து பறித்து வெளித் தொழிற்சாலைக்குக் கொடுக்கலாம். மலை ஒரே மலையாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை எங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, குறித்த நாளுக்குள் கடதாசி கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் கொம்பனி மலையைத் துண்டு போட்டுத் தனக்குப் பிடித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும்.

முதல் கூட்டத்தில் மிஸ் சொன்னார்: "இந்த மலைக்கு இனி முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை. நீங்கள் முப்பத்திரண்டு பேரும்தான் முதலாளி. நீங்கள் முப்பத்திரண்டு பேரும்தான் தொழிலாளி. விளங்குதோ?"

என் நாத்தனார் எழுந்து நின்றாள். என் வீட்டுக்காரரின் தங்கச்சி. வாய் கொஞ்சம் நீளம்.

"அப்ப யாரு யார ஏசுறது மிஸ்?"

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு அது உண்மையிலேயே கவலையாக இருந்தது. எனக்கு எல்லாமே கவலைதான். மழை வந்தால் ஓடை உடைத்துக்கொள்ளும் என்று கவலை, வராவிட்டால் கொழுந்து வராது என்று கவலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தம்பி பிறந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள், பிறகு யாரும் திரும்ப அனுப்பவில்லை. இருந்தாலும் அங்கே இருந்தவர்களில் கையெழுத்து ஓரளவு சுத்தமாக இருந்தது எனக்குத்தான். அதனால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவராகப் பழைய கங்காணியைப் போட்டோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களோடு ஓர் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். லொறிக்காரனோடு பேசத் தெரியும், தொழிற்சாலைக்காரனோடு பேசத் தெரியும். எனக்குத் தூரத்து முறையில் மாமா.

அன்றைக்கே நிரை விஷயத்தையும் முடித்தோம். யாரும் யாருக்கும் நிரை கொடுக்கக் கூடாது, சுற்று முறையில் எல்லாருக்கும் எல்லா நிரையும் வர வேண்டும், பள்ளத்து நிரை உட்பட. கையைத் தூக்கச் சொன்னார் மிஸ். முப்பத்திரண்டு கை. நான் அதைப் பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதினேன். மூன்று நாள் பிடித்தது. நனைந்துவிடுமோ என்று பொலித்தீன் பையில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடினோம். மலைக்குப் போக அந்த வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. லயத்துக்குப் பின்னால் நேராக ஏறினால் மலைதான். ஆனாலும் எல்லாருடைய கால்களும் அங்கேதான் போயின. போய் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். வெயில் எங்கள் தோளுக்கு வந்துவிட்டது. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கலாமா, நான் படித்தால் அதிகாரம் பண்ணுகிறேன் என்று நினைப்பார்களோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"மலையும் நம்மளுது, காலும் நம்மளுது. யாரு புடிச்சி வச்சிருக்கா நம்மள?" என்றாள் நாத்தனார்.

ஆனால் அவளும் அசையவில்லை.

அப்போது மாமா தொண்டையைச் செருமினார். செருமிவிட்டு, சும்மா பழக்கத்தில் சொல்வது போல ஒரு பேரைக் கூப்பிட்டார். "ஐயா" என்று ஒரு குரல். அடுத்த பேர். அடுத்த பேர். முப்பத்திரண்டு பேரையும் கூப்பிட்டு முடித்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் மலையில் நின்றோம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கூப்பிட்டிருக்காவிட்டால் அன்றைக்கு முழுக்க நின்றிருப்போம். மறுநாளும் கூப்பிட்டார். பேர் மட்டும்தானே என்று இருந்தோம். ஒரு மாதத்தில் பேருக்குப் பின்னால் நிரையும் வந்தது. என் தாள் அரிசி டின்னிலேயே இருந்தது. கொண்டுவந்து காட்டினேன் ஒரு தடவை.

"வச்சிக்க பிள்ள, நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா மழைல அந்தப் பக்கம் புதுசா ஆள வுட்டா விழுந்துருமில்ல?" என்றார் மாமா.

பள்ளத்து நிரைக்கு அவர் ஒரே ஓர் அக்காவைத்தான் அனுப்பினார். கொம்பனிக் காலத்திலும் பெரும்பாலும் அந்த அக்காதான் அங்கே போவார். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சுக் குறைவு. புருஷன் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர், தீபாவளிக்கு வந்தால் உண்டு. பேரைக் கூப்பிட்டதும் அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்குவார். சாயங்காலம் கடைசியாக ஏறி வருவார். காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். முப்பத்திரண்டு பேர் கை தூக்கி எடுத்த முடிவு அரிசி டின்னுக்குள் கிடக்க, இந்த அக்கா ஓடைக்குள் கிடக்கிறாரே. கொம்பனி இருந்தபோது கொம்பனியைத் திட்டலாம். இப்போது யாரைத் திட்டுவது? நாத்தனார் அன்றைக்குக் கேட்டது சிரிப்புக்கு என்றுதான் நினைத்தேன்.

ஆறு மாதம் போனது. சமையலறைப் பக்கமாக ஒவ்வொரு பெண்ணாக என்னிடம் வந்து சொன்னார்கள். தலைவரை மாற்ற வேண்டும், சுற்று முறையைக் கொண்டுவர வேண்டும். நாத்தனார் தலைவராக நிற்கிறேன் என்றாள். நான் மிஸ்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன். மிஸ் வந்து கூட்டம் போட்டார். பெரட்டுக்களத்தில்தான் போட்டோம், வேறு இடம் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வழக்கமாக நிற்கிற இடத்தில் மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்களை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார், பேர் கூப்பிடுகிற அதே வரிசையில்.

"மாற்றம் வேணும் எண்டு நினைக்கிறவை கையைத் தூக்குங்கோ," என்றார் மிஸ்.

ஒரு கை. நாத்தனாருடையது.

என் கையில் பேனா இருந்தது. கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் எப்படித் தூக்குவது என்று அந்த நேரம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இடது கை சும்மாதான் இருந்தது. அதை இப்போது எழுதும்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

மிஸ் விடவில்லை. வருட முடிவில் எப்படியும் தலைவர் தெரிவு நடத்த வேண்டும், அதை இரகசியமாக நடத்துவோம் என்றார். மறுநாள் கடதாசி கொடுத்தாக வேண்டும் என்கிற நாளன்றுதான் அவருக்கு வர முடிந்தது. வேறொரு தோட்டத்தில் மண் சரிவு, பாதை இல்லை என்று இரண்டு வாரம் தள்ளிப் போனது. அந்த இரண்டு வாரமும் நான் தூங்கிய நேரம் கொஞ்சம்.

சாயங்காலம், நாங்கள் மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுவை நடந்துகொண்டிருந்தது. நல்ல மழை. முப்பத்திரண்டில் இருபத்தொன்பது பேர் வந்திருந்தோம். மிஸ் கொண்டுவந்த வோட்டுத் துண்டுகள் பைக்குள்ளேயே நனைந்து ஒட்டிக்கொண்டன. இருந்த ஒரே பேனாவும் என்னுடையது, அதை வாங்கி எல்லாரும் எழுதுவதற்கு இருந்த ஒரே மேசை தராசு மேசை. தராசுக்குப் பக்கத்தில் மாமா நின்றார்.

நாத்தனார்தான் சொன்னாள்: "எதுக்குங்க கடதாசி? கையில இருக்கறதையே போடுவோம். எனக்குப் போடறவங்க கொழுந்து போடுங்க. மாமாவுக்குப் போடறவங்க முத்தல் எல போடுங்க. கைய மூடிக்கிட்டு கூடைக்குள்ள வுட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்கு முத்தலா?" என்றார் மாமா.

"வயசுக்கு ஏத்த மாதிரிதான மாமா."

"போடி கழுத," என்று அவரே சிரித்துவிட்டார். மிஸ்ஸுக்கும் பிடித்துப் போனது. ஆளுக்கு ஓர் இலை, இரண்டு பேரும் சம்மதம்.

கூடையைச் செயலாளர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மடுவத்துச் சுவருக்குப் பின்னால், தாழ்வாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தோம். ஒவ்வொருவராக வந்து மூடிய கையைச் சாக்குக்குள் விட்டு, விரித்து, எடுத்துக்கொண்டு போனார்கள். வோட்டுப் போட்ட கையோடு பாதிப் பேர் லயத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்துக்குப் பீலியில் தண்ணீர் பிடிக்காவிட்டால் பிறகு கிடைக்காது. நானும் என்னுடையதைப் போட்டேன், கொழுந்து. பிறகு காத்திருந்தேன். உள்ளே லொறிக்காரனோடு ஏதோ சத்தம். மிஸ் அதைப் பார்க்கப் போயிருந்தார்.

காத்திருக்கும்போது என் தலைக்குள் என்னென்ன ஓடியது என்று எல்லாம் எழுத முடியாது. மழையில் மிஸ் பஸ்ஸைத் தவற விட்டால் எங்கே தங்குவார்? நாத்தனார் தோற்றால் வீட்டில் எப்படி முகம் பார்ப்பது? ஜெயித்தால் மாமா வீட்டில் எப்படி முகம் பார்ப்பது? கடதாசி நாளைக்கு எத்தனை மணிக்குள் போக வேண்டும்? நான் கவலைப்படும்போது என் கை சும்மா இருக்காது. அன்றைக்கு அது சாக்குக்குக் கீழே இருந்தது.

லொறி கிளம்பியது. மிஸ் குடையை மடக்கிக்கொண்டு வந்தார், பின்னால் மாமா, நாத்தனார், இன்னும் ஏழெட்டுப் பேர்.

"சரி, எண்ணுவம்," என்றார் மிஸ்.

சாக்கை எடுத்தேன். கூடையில் கொழுந்து மட்டும்தான் இருந்தது. அரும்பும் இரண்டு இலையுமாக, தொழிற்சாலைக்காரன் பார்த்தால் கும்பிட்டு வாங்குவான், அப்படிச் சுத்தமாக. ஒரு முத்தல் இலை கூட இல்லை.

நான் என் காலடியைப் பார்த்தேன். கல்லைச் சுற்றி முத்தல் இலைகள் கிடந்தன.

இருபத்தைந்து வருடமாக இந்த விரல்கள் அதைத்தான் செய்கின்றன. கூடைக்குள் முத்தல் இருந்தால் கண் பார்க்க வேண்டியதே இல்லை, விரலே தொட்டு எடுத்துக் கீழே போட்டுவிடும். முத்தல் கலந்தால் நிறுவையில் கழிப்பார்கள், ஏசுவார்கள். எந்தத் தோட்டத்துப் பெண்ணின் மடியில் அந்தக் கூடையை வைத்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று பிறகு பலர் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்கள். ஆனால் மடி என்னுடையது.

கீழே கிடந்ததைப் பொறுக்க முழங்காலிட்டேன். மடுவத்தைச் சுற்றித் தினமும் எல்லாரும் முத்தலைக் கழித்துப் போடுகிற இடம் அது. அன்றையது, நேற்றையது என்று நூற்றுக்கணக்கில் கிடந்தது. எது வோட்டு, எது குப்பை?

"பொறுங்கோ, பதறாதேங்கோ," என்றார் மிஸ். "மொத்தம் இருபத்தொன்பது பேர். எல்லாரும் போட்டவை. கூடையில எத்தினை கொழுந்து இருக்கெண்டு பாத்தால் மிச்சம் தெரியுந்தானே."

எண்ணினார். பதினேழு.

"பதினேழு, பன்னிரண்டு. முடிஞ்சுது."

நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நான் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் கூடையிலிருந்த ஒரு கொழுந்தின் காம்பு என் கண்ணில் பட்டது. அடிக்காம்பு புதிதாக நகத்தால் கிள்ளப்பட்டிருந்தது. முத்தல் இலையைத் தனியாகப் பறிக்காமல், அதன் தண்டோடு, நுனிக் கொழுந்தோடு சேர்த்து ஒடித்துப் போட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். நான் முத்தலைக் கிள்ளி எறிந்துவிட்டு நுனியைக் கூடையில் விட்டிருக்கிறேன். மாமாவுக்கு விழுந்த வோட்டை நாத்தனாருக்கு விழுந்ததாக்கியிருக்கிறேன்.

"மிஸ், சிலதுல நா கிள்ளியிருக்கேன்," என்றேன்.

"எத்தன?" என்று கேட்டார் மாமா. அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தெரியல மாமா. ரெண்டு. மூணும் இருக்கலாம்."

மூன்று என்றால் பதினான்கு, பதினைந்து. ஜெயித்தது மாமா. இரண்டு என்றால் நாத்தனார். காம்புகளைப் பார்த்துச் சொல்லலாம் என்று மிஸ் சொன்னார், ஆனால் கொழுந்து என்றாலே கிள்ளிய காம்புதான், பறித்தவர் கிள்ளியதா நான் கிள்ளியதா என்று எப்படிச் சொல்வது?

"அண்ணி," என்றாள் நாத்தனார். "வாயத் தொறக்காம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். ஒங்களுக்குத் தொறக்க வேண்டிய நாளைக்குத் தொறக்கத் தெரியல, மூட வேண்டிய நாளைக்கு மூடத் தெரியல."

யாரோ பின்னால், "செயலாளரு வேணும்னேதான் முத்தல வீசியிருக்கா, சொந்த நாத்தனாருன்னு," என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

திரும்ப நடத்தலாம் என்றால் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிஸ்ஸின் பஸ் இன்னும் அரை மணி நேரத்தில். கடதாசி நாளைக்குப் போகாவிட்டால் மலை துண்டாகிவிடும். மிஸ் சொன்னார், "இப்போதைக்குப் பழைய தலைவரே தொடருறார் எண்டு எழுதுவம். பிறகு விசேஷ கூட்டம் கேக்கலாம். மூண்டில ஒரு பங்கு ஆக்கள், பதினொரு பேர் கையெழுத்து வைச்சால் போதும்."

மாமா என்னைப் பார்த்தார். "நா ஏமாத்தி ஒண்ணும் எடுக்கல பிள்ள. ஒனக்கு எது சரின்னு தோணுதோ எழுது."

நான் என்ன எழுதினேன்? 'பெரும்பான்மையாக' என்று எழுதினால் எத்தனை பேர் என்று மேலே கேட்பார்கள் என்று பயந்தேன். எண்ணிக்கை எழுதாவிட்டால் கடதாசி திரும்பி வரும் என்று பயந்தேன். எல்லாவற்றையும் விட, நான் நாத்தனாருக்காகத் திருடவில்லை என்று அங்கே நின்றவர்களுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. 'ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். மிஸ் அதை வாசித்துவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

நாத்தனார் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது கேட்டது ஒன்றே ஒன்று. "ஏகமனசுன்னு எழுதினீங்களே அண்ணி, எம் மனச யாருகிட்ட குடுத்தீங்க?"

மலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கொழுந்து போகிறது, கொம்பனிக் காலத்தை விட வீட்டில் நிலைமை பரவாயில்லை. பெண்களிடம் கேட்டால், "இப்ப என்ன குறைச்ச?" என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. முதலாளி இல்லாத மலையில் முதலாளி இருந்தபோது நடந்ததையே நாங்களாக, யாரும் அதட்டாமலே நடத்திக்கொண்டிருக்கிறோம். இது குறையில்லையா? தோட்டத்து ஆபீசுக்குப் போனால் கிளாக்கர் என்னைப் பார்த்து, "என்னம்மா, கொழுந்து எலக்சன் இந்த வருசம் எப்ப?" என்று கேட்கிறார். பூனாகலைப் பக்கம் வரைக்கும் கதை போயிருக்கிறது. தொழிலாளர்களிடம் நிர்வாகத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு வேடிக்கைக் கதை வேண்டியிருந்தது, அதை நான் கையில் கொடுத்துவிட்டேன். தலைமுறை தலைமுறையாக எங்களைக் கேட்காமல் நடத்தியவர்கள், எங்களுக்கு ஒரு சாயங்காலம் தப்பிப் போனதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சுற்று முறையைப் பற்றி மாதக் கூட்டத்தில் இரண்டு தடவை எழுந்து பேசினேன். எழுந்ததே எனக்குப் பெரிய காரியம். மாமா கடதாசியின் நகலைக் காட்டினார். "எல்லாருஞ் சேந்து என்னையப் போட்டதா நீதான எழுதியிருக்க? ஒங் கையெழுத்துதான இது?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அதனால்தான் இப்போது கையெழுத்துக்கு வீடு வீடாக அலைகிறேன். பதினொன்று வேண்டும். இரண்டு மாதத்தில் என்னுடையதோடு சேர்த்து ஏழு ஆகியிருக்கிறது. ஏழாவது நாத்தனார். வாங்கிப் போட்டுவிட்டு, "இந்தத் தடவ எண்ணறதுக்கு வேற ஆள வைங்க," என்றாள்.

எட்டாவதாகப் பள்ளத்து நிரை அக்காவிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் கட்டாயம் போடுவார் என்ற எண்ணத்தில் தள்ளி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடதாசியை நீட்டி, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நா வைக்க மாட்டேன் தங்கச்சி."

"ஏங்கக்கா? ஒங்களுக்காகத்தான இவ்வளவும்?"

"எனக்காகவா? எங்கிட்ட யாரு கேட்டா?"

அவரே தொடர்ந்தார். "ஒங்க தாள்ல எல்லாருக்கும் அந்த நிர வரும். வயசானதுங்க, அந்தக் கீழ் லயத்துப் புள்ளத்தாச்சி, எல்லாருந்தான? யாராச்சும் விழுந்து கைகால ஒடச்சா, இவளுக்குப் பாவம் பாத்துத்தான நாங்க எறங்குனோம்னு எம் பேரச் சொல்லுவாங்க. எனக்கு வேணாம்."

"அப்ப நீங்களே சாகிற வரைக்கும் எறங்குவீங்களா?"

"அந்த நிரைய யாருக்குமே குடுக்கப்படாது," என்றார் அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது தேயில போட்ட எடமே இல்ல. தண்ணி போற எடம். வெள்ளக்காரன் ஒரு செடி கூட வுடக்கூடாதுன்னு நட்டுட்டுப் போயிட்டான். அதப் புடுங்கிட்டு மாட்டுப் புல்லு வச்சா கரையும் நிக்கும், மாடும் திங்கும். பத்து வருசமா நெனச்சிக்கிட்டுத்தான் எறங்குறேன்."

முப்பத்திரண்டு பேர் கூடிப் பேசினோம். மிஸ் வந்தார், கட்டம் போட்டேன், வோட்டு நடத்தினோம். யார் இறங்குவது என்றுதான் பேசினோம். இறங்க வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அக்கா மேல் ஆத்திரமா, என் மேலா, தெரியவில்லை.

"இதக் கூட்டத்துல சொல்லுங்கக்கா."

"நா சொல்ல மாட்டேன். ஒனக்கு எழுதத் தெரியும், எழுது."

"ஒங்க பேரு போட்டு எழுதவா?"

"எம் பேரு வேணாம்."

"பேரு இல்லாம யோசனை எடுக்க மாட்டாங்கக்கா. கூட்டத்துக்கு யாரு கொண்டுவந்தான்னு போடணும்."

"அப்ப ஒம் பேரப் போடு," என்றார். கடதாசியை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

போடுவேன். ஆனால் யோசனையைக் கூட்டத்தில் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது தலைவர். தலைவர் எடுக்காவிட்டால் விசேஷ கூட்டம்தான். அதற்குப் பதினொன்று வேண்டும், என்னிடம் ஏழு இருக்கிறது. மேல் லயத்தில் இன்னும் ஐந்து வீடு பார்க்கவில்லை. இரண்டு வீட்டில் முகத்துக்கு நேராக முடியாது என்பார்கள், அது எனக்குத் தெரியும். மற்ற மூன்றில் போட்டாலும் பத்துதான். கடைசி வீட்டில் பெரிய நாய் ஒன்று இருக்கிறது, சங்கிலி போட மாட்டார்கள். நாளைக்குப் பின்னேரம் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். வருவாளோ என்னவோ.